இறக்கிய பிறகு வரும் சீட்டு

கேபினுக்குள் ஒரு ஆள் உட்காரலாம். இரண்டாவது ஆள் வந்தால் நிற்கத்தான் வேண்டும். மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே ஒரு ஃபேன். அது சூட்டைக் கிளறிவிடுமே தவிரக் காற்று வராது. முன்னால் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப்பக்கம் எடை மேடை. லோடு வண்டி ஏறி நின்றால் மேசை மேல் உள்ள பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும். கவின்ராஜ் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வான். வண்டி உள்ளே போய் மக்காச்சோளத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வரும். மறுபடி எடை. இதிலிருந்து அதைக் கழித்துச் சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவான். வேலை இவ்வளவுதான். ஆனால் வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதனால் எழுந்து போகவும் முடியாது. ஒன்றுக்குப் போவதென்றாலும் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மைசூர் ரிங் ரோட்டை ஒட்டிய இந்தக் குடோனும் மேடையும் அவனுடைய தாய்மாமன் ஆறுமுகசாமிக்குச் சொந்தம். ராமாபுரம், ஹனூர் பக்கத்துச் சோளத்தை விவசாயிகளிடம் வாங்கி, கோழித்தீவன மில்களுக்கு விற்கிறார். அப்பா ரத்தினசாமி தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். இடுப்பு போன பிறகு ஆறுமுகசாமி அவரைக் கூட்டிவந்து குடோனைக் கூட்டும் வேலையும், குடோனுக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்தார். பி.சி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த மகனுக்குக் கேபின் கிடைத்தது. தங்கச்சி செத்த பிறகும் மச்சானைக் கைவிடவில்லை என்று மாமாவுக்கு ஊரில் நல்ல பெயர். அந்தப் பேரை மாமா யாரையும் மறக்கவிட்டதில்லை.

வெளியே போக கவின்ராஜுக்குத் தெரிந்த ஒரே வழி ரஸ்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழி. பெங்களூரில் இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவன் போனில் சொன்னான்: "எல்லாரும் படிக்கறதையே நீயும் படிச்சா வரிசைல கடைசில நிப்படா. இதப் படி. கஷ்டம், அதனாலயே ஆள் கம்மி."

குவெம்புநகரில் ஒரு கோச்சிங் சென்டர் அதைச் சொல்லித் தருவதாக போர்டு வைத்திருந்தது. வகுப்பு பகலில். பகலில் அவனுக்கு வண்டி. வீடியோப் பாடங்களைப் போனில் போட்டுப் பார்த்தான். தகரக் கூரைக்குள் சிக்னல் வட்டம் அடித்துக்கொண்டே நின்றது. டேட்டா தீர்ந்தது, பாடம் வரவில்லை. கேபினுக்கு நெட் இழுத்துத் தரச் சொல்லிக் கேட்டான், மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், அந்த மொழியை உருவாக்கியவர்களே இணையத்தில் இலவசமாக வைத்திருந்த வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் ரோட்டோரம் போய் நின்று ஒவ்வொரு பக்கமாகத் திறந்து போனில் படம் பிடிப்பான். மறுநாள் கேபினில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிப்பான். பாதி எழுத்து மங்கலாக இருக்கும்.

ஒரு நாள், புரியாத இடத்தை அந்த மொழிக்காரர்கள் கூடும் மன்றத்தில் ஒரு படத்தோடு போட்டுக் கேட்டான். எந்த நாட்டு ஆளோ, பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: ஏன் படம் பிடித்துப் படிக்கிறாய், மொழியை கம்ப்யூட்டரில் ஏற்றினால் முழு வழிகாட்டியும் கூடவே வந்துவிடுமே, நெட் இல்லாமல் திறக்கலாமே.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஜெராக்ஸ் கடையின் வைஃபையில் உட்கார்ந்து தேவையானதையெல்லாம் பென் டிரைவில் இறக்கிவந்தான். கேபின் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அந்த ஆள் சொன்னது உண்மைதான். வழிகாட்டி, எடுத்துக்காட்டுகள், ஒவ்வொரு கட்டளைக்குமான விளக்கம் எல்லாம் இருந்தன. யாரிடமும் கையேந்தாமல் ஒரு மொழி மொத்தமும் அந்தப் பழைய பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கவின்ராஜ் அன்றைக்கு மதியச் சோற்றை ஆறவிட்டான்.

இன்னொன்றும் இறக்கியிருந்தான். வேண்டுமென்றே தப்பாக எழுதி வைத்த சின்னச் சின்னப் பயிற்சிகள். ஒன்றைச் சரி செய்தால்தான் அடுத்ததுக்கு விடும். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒன்றிரண்டு முடிப்பான்.

அந்த மொழியின் கம்பைலர், கறாரான மேஸ்திரி மாதிரி. எழுதியதை வாங்கிப் பார்த்து, மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் நோண்டும். ஒரு பெயர் வைத்துவிட்டு அதைப் பயன்படுத்தாமல் விட்டாலும் முணுமுணுக்கும். பெரிய தப்பு என்றால் வேலையை நிறுத்திவிட்டு, எங்கே தப்பு, ஏன் தப்பு, எப்படித் திருத்தலாம் என்று அம்பு போட்டுக் காட்டும். கேபினில் அவனிடம் காரணம் சொல்லிப் பேசியது அது ஒன்றுதான்.

எல்லாரும் தடுக்கி விழும் பாடம் ஒன்று அதில் உண்டு. ஒரு பொருளை இன்னொரு கைக்கு மாற்றிவிட்டால், அதற்கப்புறம் பழைய பெயரைச் சொல்லி அதைத் தொட முடியாது. தொட்டால் கம்பைலர் கையைத் தட்டிவிடும். கவின்ராஜுக்கு இது உடனே பிடிபட்டது. குடோனில் கொட்டிய சோளம் மாதிரி என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போனான்.

பயிற்சிகள் முடிந்தபோது, சொந்தமாக, உனக்குப் பயன்படுகிற ஒன்றை எழுதிப் பார் என்று மன்றத்து ஆள் யோசனை சொன்னார். கவின்ராஜுக்கு எதிரே இருந்தது ஒன்றுதான். சிவப்பு எண் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் வருகிறது. அந்த வயரில் வரும் எண்ணைப் படித்துச் சீட்டு அடிக்கும் நிரலை எழுத ஆரம்பித்தான். மாமா வைத்திருந்த பழைய சாப்ட்வேர் அடிக்கடி நின்றுபோகும். விற்றவன் போனை எடுப்பதில்லை. இது ஓடினால், வேலை கேட்கும் இடத்தில் காட்டவும் ஒன்று இருக்கும்.

அன்று மழை, வண்டி வரவில்லை. மேடை காலியாகக் கிடந்தது. காலி மேடையை வைத்து எதைச் சோதிப்பது? வயரிலிருந்து எண் வந்த மாதிரி நிரலுக்குள்ளேயே ஒரு பொய் எடையை எழுதி ஓட்டிப் பார்த்தான். நிரல் எழுதுகிற எவரும் செய்வதுதான். பிரின்டர் கிறீச்சிட்டு, மாமாவின் கடைப் பெயர் போட்ட தாளில் சீட்டைத் தள்ளியது. எழுத்து நேராக வந்திருந்தது. கூட்டல் கழித்தல் சரி. சந்தோஷம் தாங்காமல் மழையில் குடோனுக்கு ஓடி மாமாவிடம் காட்டினான்.

ஆறுமுகசாமி சீட்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். மேடையில் தண்ணீர்தான் நின்றது.

"வண்டியே வல்லியேடா மாப்ளே."

"சும்மா டெஸ்டுக்குங்க மாமா. எண்ணு நானாப் போட்டது."

"நீயாப் போட்டதா?"

"ஆமாங்க. பொறகு எடுத்துப்போட்டு நெசமானத வெச்சுருவேன்."

"எடுக்காத." மாமா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அந்தப் பெட்டிக்கு கவர்மென்ட்டுக்காரன் ஈயக்குண்டு வெச்சு சீல் போட்டுட்டுப் போறான். கம்ப்யூட்டருக்கு எவனாச்சும் சீல் வெச்சுருக்கானா?"

"இல்லீங்க."

"நீ எழுதுனத ஒருத்தன் ஒடச்சுப் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

கேட்டதற்குப் பதில் தெரிந்தால் சொல்லிவிடுகிற பழக்கம் கவின்ராஜுக்கு உண்டு. பரீட்சையில் உதவிய பழக்கம். "கம்பைல் பண்ணிப்போட்டா லேசுல தெரியாதுங்க மாமா. நாம எழுதுன மூலம் வேற, ஓடறது வேற. மொழிதான் எல்லாருக்கும் தொறந்து கெடக்குதுங்க. அதுல செய்யறத மூடி வெச்சுக்கலாம்."

"அப்படியா சங்கதி" என்றார் ஆறுமுகசாமி. அவ்வளவு அன்பாக அவனை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நூற்றுக்கு இரண்டு. லோடு வண்டியின் எடையில் அவ்வளவைக் குறைத்துச் சீட்டில் அடிக்க வேண்டும். மேடையில் நிற்கிற விவசாயிக்குச் சிவப்பு எண் தெரியாது. வெளியே இருந்த பெரிய எண் பலகை மின்னலில் போய் எத்தனையோ காலமாயிற்று. மாமா அதைச் சரி செய்யவில்லை.

"முடியாதுங்க மாமா."

"முடியாதா, மாட்டியா?"

ஆறுமுகசாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"மச்சான்!" என்று ஆறுமுகசாமி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ரத்தினசாமி குனியாமல் கூட்டும் நீளக் கம்புத் துடைப்பத்தோடு வந்தார். "ஒண்ணுமில்ல மச்சான். பையன் நெம்ப படிச்சுட்டான். நம்மூட்டு வேலை இனி அவனுக்கு ஆகாதாட்டம் இருக்குது. எங்கயாச்சும் போறதுன்னா நீங்களும் கூடப் போயிருங்க. அந்த ரூமுக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

அறைக்கு வந்ததும் அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை. கவின்ராஜேதான் சொன்னான். ரத்தினசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். உட்காருவதற்கே அவருக்கு நேரமாகும்.

"நான் குனிஞ்சு நிமுந்து எத்தன நாளாச்சுன்னு உனக்குத் தெரியுமல்லோ" என்றார். "எவன் குடுப்பான் எனக்கு வேலை?"

"அது திருட்டுங்கப்பா."

"திருட்டுன்னு எனக்குத் தெரியாதா? சொல்றத எழுதிக் குடுத்துப்போட்டு வாய மூடிட்டு இரு. உனக்கு வேலை கெடைக்கட்டும், போயிரலாம்."

கவின்ராஜ் எழுதினான். ஒரே ஒரு வரி. வந்த எடையிலிருந்து ஐம்பதில் ஒரு பங்கைக் கழித்துத் திரும்ப அதிலேயே வைப்பது. கம்பைல் செய்யச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். பயன்படாத ஒரு பெயரைக்கூட விடாத மேஸ்திரி, அரைப்புள்ளி விட்டுப்போனால் அம்பு போட்டுக் காட்டுகிற மேஸ்திரி, இந்த வரியில் எதையாவது கண்டுபிடித்துத் தடுக்கும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. முடிந்தது என்று ஒரு பச்சை வரி வந்தது. எச்சரிக்கைகூட இல்லை. இலக்கணம் சரி, வகை சரி, கணக்கு சரி. அதற்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாமா பழைய சாப்ட்வேரை அழிக்கச் சொன்னார். அழித்தான்.

அதற்கப்புறம் வழிகாட்டியைத் திறந்தால் எழுத்து உள்ளே போகவில்லை. பெங்களூர் தோழன் ஒரு கம்பெனியின் பெயரை அனுப்பி, நீ செய்த புராஜெக்ட் ஏதாவது இருந்தால் அனுப்பு என்றான். கவின்ராஜிடம் இருந்தது ஒரே புராஜெக்ட். அதை யாருக்கு அனுப்புவது? மூலத்தின் முதல் வரியிலேயே எழுதியவர் என்று அவன் பெயர் இருந்தது. எழுத ஆரம்பித்த நாளில் பெருமைக்குப் போட்டது. அழிக்கப் போனபோது மாமா பின்னால் நின்றிருந்தார். "இருக்கட்டும் மாப்ளே" என்றார். "யார் எழுதுனதுன்னு நாளைக்கு ஒரு கேள்வி வந்தா நாங்க எங்க போயித் தேடறது?"

அறுவடை முற்றிய வாரத்தில் ராமாபுரத்திலிருந்து பழனாத்தாளின் போன் வந்தது. இவன் அம்மாவோடு காடு மேடெல்லாம் களை வெட்டியவள். புருஷன் இல்லை. மூன்று ஏக்கர் சோளத்தைத் தானே பார்க்கிறாள்.

"ஏஞ்சாமி, நீதான அங்க எடை போடறே?"

"ஆமாங்கத்தை."

"ஊருக்குள்ள வந்து கேக்கறவனுக்குக் குடுக்கல. நம்ம பையன் இருக்கறப்ப என்னத்துக்குக் கண்டவன்கிட்டப் போடறது? நாளைக்கு டிராக்டர்ல ஏத்திட்டு வர்றேன்."

வராதீங்க என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். மாமா ரெண்டடி தள்ளி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "வாங்கத்தை" என்றான்.

அன்று மதியம் வண்டி இல்லாத நேரத்தில் மூலத்தைத் திறந்தான். குறைக்கிற வரியைத் தொட்டால் மாமா கணக்குப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். அதைத் தொடவில்லை. அதற்கு முன்னால், மேடையில் வந்த எடையைத் தனியே பத்திரப்படுத்தி, அதையும் சீட்டில் அடிக்கச் சொன்னான். மேலே மேடை எடை. கீழே சீட்டு எடை. இரண்டும் ஒரே தாளில். பழனாத்தாளுக்கு எண் படிக்கத் தெரியும். வாய்க்கும் குறைச்சல் கிடையாது. அவள் சத்தம் போடுவாள், நாலு பேர் கூடுவார்கள், மாமா அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். தள்ளட்டும். தானாகப் போகத்தான் அவனுக்குக் கால் வரவில்லை. அப்பாவின் முகம் நடுவில் வந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் கம்பைல் செய்தான்.

மறுநாள் காலை பழனாத்தாள் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து வந்தாள். டிராக்டர் மேடையில் ஏறி நின்றதும் ஜன்னலுக்கு வந்து, "எளச்சுப் போயிட்டியே சாமி, இந்தப் பொட்டிக்குள்ளயே கெடந்தா?" என்றாள். டிராக்டர் உள்ளே போயிற்று. சோளம் குவியலோடு குவியலாகச் சரிந்தது. காலி டிராக்டர் மறுபடி வந்து நின்றது. கவின்ராஜ் பொத்தானை அழுத்தினான். சீட்டை நீட்டினான்.

பழனாத்தாள் தாளைத் தூரப் பிடித்துப் படித்தாள்.

"இதென்ன சாமி, மேல ஒண்ணு கீழ ஒண்ணு?"

"மேல இருக்கறதுதானுங்க மேடைல நின்ன எடை" என்றான் சத்தமாக. "கீழ இருக்கறது..."

"என்னுங்கக்கா, சீட்டு வந்துருச்சா?" ஆறுமுகசாமி வந்துவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் எதுவும் இல்லை. கவின்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான்.

"கழிவுங்கக்கா" என்றார் ஆறுமுகசாமி. "தூசி, ஈரம், சொத்தை. எல்லா மண்டியிலயும் கழிக்கறதுதான். மத்தவன் சொல்லாமக் கழிப்பான். நாம எழுத்துல காட்டிக் கழிக்கறோம். உங்க பையன்தான் இந்த ஏற்பாடெல்லாம்."

"அதுஞ்சரி" என்றாள் பழனாத்தாள். சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாமா கேபினுக்குள் தலையை நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்ன நெனச்சு இதப் பண்ணினியோ தெரியல மாப்ளே. ஆனா அருமையான வேலை. அந்தக் கீழ் வரிக்கு மேல கழிவுன்னு எழுதிப்போடு. எழுத்துல இருந்துச்சுன்னா எவனும் கேக்க மாட்டான். ரெண்டுங்கறத நாலாக்கினாலும் கேக்க மாட்டான்." முதுகில் தட்டினார். "நெட்டு கேட்டியல்லோ, இந்த மாசம் கேபினுக்கு இழுத்துத் தர்றேன். படி. இன்னும் நல்லாப் படி."

அவர் குடோன் பக்கம் நடந்தார். கவின்ராஜ் கேபினை அப்படியே விட்டுவிட்டு டிராக்டரிடம் ஓடினான். பழனாத்தாள் ஏறப் போனவள் நின்றாள்.

"அத்தை, அது கழிவு இல்லீங்க. ஈரமெல்லாம் யாரும் பாக்கல. நான்தான் அப்படி எழுதுனேன். எழுதச் சொன்னாங்க."

அவள் திட்டுவாள் என்று நினைத்தான்.

"தெரியும் சாமி" என்றாள். "சோளம் காஞ்சு கலகலன்னு இருந்தது எனக்குத் தெரியாதா? கொட்டியாச்சு. குவியல்ல எது என்னோடதுன்னு பொறுக்கறது? மறுபடி ஏத்தறதுக்கு ஆளு யாரு குடுப்பா? எறக்குனதுக்கு அப்பறந்தான சீட்டுக் குடுக்கறீங்க." மட்கார்டில் ஏறி உட்கார்ந்து புடவையை இழுத்துச் சரி செய்தாள். "உன்னச் சொல்லி என்ன? உங்கொப்பன் அங்க குடோனக் கூட்டிட்டு இருக்கறதப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

டிராக்டர் போயிற்று. கவின்ராஜ் மேடையைத் தாண்டிக் கேபினுக்கு நடந்தான். அவன் காலடி எடைக்குப் பெட்டியில் எண் ஏறி இறங்கியிருக்கும். இரண்டு எண்ணைத் தாளில் அடித்துவிட்டு, தான் ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட மாதிரி எழுந்து நின்றதை நினைத்தால் கூசியது. கை மாறிய பிறகு தொட முடியாது என்று பாடத்திலேயே படித்தவன். கை மாறிய பிறகுதான் தாளையே நீட்டினான்.

உட்கார்ந்து மூலத்தைத் திறந்தான். கழிவு என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். விரல் விசைப்பலகை மேல் நின்றது. அதற்குள் ஹாரன். சாம்ராஜ்நகர் பதிவெண் போட்ட டிராக்டர் ஒன்று லோடோடு மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் தெரியாத ஆள், தலையில் துண்டு கட்டிய வயசாளி. பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. பதிவு செய்துவிட்டுக் கையைக் காட்டினால் டிராக்டர் உள்ளே போய்விடும்.

கவின்ராஜ் கையைக் காட்டவில்லை. ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளினான். தலையை வெளியே நீட்டி, பெட்டியில் இருந்த எண்ணை உரக்கப் படித்தான். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை.

குடோன் வாசலில் ஆறுமுகசாமி திரும்பினார். உள்ளே கூட்டிக்கொண்டிருந்த ரத்தினசாமியின் துடைப்பம் நின்றது. டிராக்டர்க்காரர் மட்டும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "ஏனு?" என்று கன்னடத்தில் கேட்டார். இன்ஜின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மாமா மேடையை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

"இன்ஜின நிறுத்துங்க" என்று கத்தினான் கவின்ராஜ். "எறக்கறதுக்கு முன்னால கேட்டுக்கங்க. இன்ஜின நிறுத்துங்க."